சைபர் வந்தா தள்ளிவிடு

நான்தானுங்க தாமோதரன். நேத்து ஃபோன்ல உங்ககிட்டப் பேசினது எங்க ஆபீசு லோகநாதன் சார். பேசறதுக்கு அவரு, வெயில்ல வர்றதுக்கு நானு. அந்த நாயைக் கொஞ்சம் அந்தாண்ட கட்டுங்கக்கா. கடிக்காதுன்னுதான் எல்லா ஊட்லயும் சொல்றாங்க. சின்ன வயசுல தொப்புளைச் சுத்தி ஊசி போட்டுக்கிட்டவன் நானு, எனக்குத்தான் தெரியும்.

இந்தச் சேர்ல உக்காரலாமுங்களா? நீங்க பாட்டுக்கு முட்டையை அட்டையில அடுக்குங்க. உங்க வேலையைக் கெடுக்க நான் வரலை. காதை மட்டும் இந்தப் பக்கம் குடுத்தாப் போதும்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் மன்னிப்புக் கேக்க வரலீங்க. லோகநாதன் சார் என்ன சொல்லி அனுப்பிச்சாருன்னா, "எருமப்பட்டி அம்சவேணியம்மா பண்ணைக்குப் போ. நாலாம் ஷெட்டுக் கோழி செத்ததுக்கு நம்ம பேர்லதான் தப்புன்னு நேர்ல சொல்லு. அந்தம்மா மனசு ஆறி உன்னைப் பத்தி நல்லதா ஒண்ணு சொன்னாத்தான் நீ இந்த வேலையில இருப்பே. இல்லாட்டித் திங்கக்கிழமையிலருந்து ஊர் ஊராப் போய்த் தண்ணி மீட்டர் மாட்டு." எங்கிட்டச் சொல்றாரு! கம்பெனி ஆரம்பிச்ச நாள்லருந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவனைக் குழாய்ல போய் மீட்டர் மாட்டச் சொல்றாரு. இருக்கட்டும். நான் விளக்கம் சொல்ல வந்தேன். விளக்கம் வேற, மன்னிப்பு வேற.

என்னங்க? தப்பு யாரு பேர்லன்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்புன்னா? சொல்றேனுங்க. அதைச் சொல்லத்தானே வந்திருக்கேன். ஆனா இது ஒரு வார்த்தையில சொல்லி முடிக்கிற சமாச்சாரமில்லை.

உங்க ஃபோன்ல ஷெட்டுக்கு ஒரு கட்டம் தெரியுதுல்ல, தண்ணி ஒழுங்காப் போனா பச்சை, கொறைஞ்சா செவப்பு? அது நான் எழுதினது. ஜாவாஸ்கிரிப்ட்னு ஒரு மொழி. நல்ல மொழிதான், ஆனா கிறுக்குப் பிடிச்ச மொழி. நம்பரை அடுக்குன்னு சொன்னா ஒம்பதுக்கு முன்னாடி பத்தைக் கொண்டுபோய் வெக்கும். ஏன்னா அது நம்பரை எழுத்தாப் பாக்குது, ஒண்ணுல ஆரம்பிக்கறது முன்னாடியாம். கேட்டா அப்படித்தாங்குது. அது கூடத்தான் நான் இத்தனை வருசமாக் குடும்பம் நடத்தறேன்.

அதனால என்ன பண்ணினேன்? கொத்தனாருக்குச் சித்தாள் இருக்கற மாதிரி, சின்னச் சின்னதா வேலைக்காரங்களை எழுதி ஒரு ஃபைல்ல போட்டு வெச்சேன். ஹெல்ப்பர்னு சொல்லுவோம். ஒவ்வொருத்தனுக்கும் ஒரே வேலை. சின்னதுலருந்து பெருசா ஒழுங்கா வரிசைப்படுத்த ஒருத்தன், பேரு 'அடுக்கு'. ஷெட்டு வாரியாப் பிரிக்க ஒருத்தன், 'வகை'. முப்பது முப்பதாக் கட்டிக் குடுக்க ஒருத்தன், 'பொட்டலம்', உங்க முட்டை அட்டைக்கு அவன்தான் கணக்கு. எல்லாத் தமிழ்ப் பேரு. ஊரு உலகத்துல எல்லாரும் இங்கிலீசுல பேரு வெப்பாங்க, நான் வெக்கலை. ஆபீசுக்கு வர்ற சின்னப் பசங்க மொத நாள் சிரிப்பாங்க. அடுத்த வாரம் என் பொட்டலத்தைத்தான் எடுத்துப் போட்டு வேலையை முடிப்பாங்க. ஒருத்தன் நன்றின்னு சொன்னதில்லை.

அதுல ஒருத்தன்தான் 'புடை'.

முறத்துல போட்டுப் புடைக்கறோமே, அதே புடைதான். உமி பறந்துரும், அரிசி நிக்கும். ஏன் எழுதினேன்னு கேளுங்க. மொதமொதல்ல மீட்டர் மாட்டினப்ப இந்தப் பக்கமெல்லாம் சிக்னலே கெடையாது. கரண்டும் நிக்காது. மீட்டர் கணக்கு அனுப்பும், பாதி வெறும் காலியா வந்து விழும். காலியா வந்ததையும் சேத்துச் சராசரி போட்டா கட்டம் பூராம் செவப்பு. பண்ணைக்காரங்க விடுவாங்களா? சோத்துல கை வெச்சா ஃபோன், குளிக்கப் போனா ஃபோன். "தம்பி, செவப்புக் காட்டுது, ஓடிப்போய்ப் பாத்தா தண்ணி நல்லாத்தான் ஓடுது." உங்க வீட்டுக்காரரே பண்ணியிருக்காரு, நெனப்பிருக்குங்களா? அவர் வாயில வந்த வார்த்தையெல்லாம் நான் இங்க சொல்லலை. போய்ச் சேந்துட்டாரு, விடுங்க.

அப்புறம்தான் ஒரே வரியில புடையை எழுதினேன். வர்ற ஒவ்வொரு கணக்கையும் பாத்து "நீ இருக்கியா?"ன்னு கேக்கும். இருக்கேன்னா உள்ள விடும். இல்லைன்னா தள்ளிவிடும். தள்ளினதை எங்கயும் வெக்கறதில்லை, போச்சுன்னா போச்சு. அன்னிலருந்து ஃபோன் நின்னுச்சு. லோகநாதன் சாரே என் முதுகுல தட்டினாரு. கட்டமெல்லாம் பச்சைப்பசேல்னு, பாக்கறதுக்கே அத்தனை லட்சணம்.

இப்பத்தான் நீங்க கேக்கணும், அப்ப எங்கோழி ஏன் செத்துச்சுன்னு. கேக்க மாட்டீங்க. வந்ததுலருந்து பாக்கறேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டே அடுக்கறீங்க. ஒரு சொம்பு தண்ணிகூட நீட்டலை. எதிரியே வந்தாலும் தண்ணி குடுப்பாங்க நம்ம பக்கத்துல. நான் ஒண்ணும் சொல்லலை, எனக்குத் தாகமில்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டோட கிறுக்கைச் சொன்னேன்ல? அதுல இன்னொண்ணு இருக்கு. சும்மா "நீ இருக்கியா?"ன்னு கேட்டீங்கன்னா, காலியா வந்ததுக்கும் இல்லைங்கும், சைபருக்கும் இல்லைங்கும். அதுக்கு ரெண்டும் ஒண்ணு. அன்னிக்கு உங்க நாலாம் ஷெட்டுக் குழாய்ல காத்து அடைச்சுக்கிச்சு. தண்ணி நின்னுபோச்சு. மீட்டர் பாவம் கடமையைச் செஞ்சுது. காலு மணிக்கு ஒருக்கா சைபர், சைபர், சைபர்னு அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. புடை அத்தனையையும் தள்ளிருச்சு. விடியக்காலம் ஓடின தண்ணிக் கணக்கு மட்டும் மிஞ்சி நின்னுச்சு. அதுக்குச் சராசரி போட்டா நல்லாத்தானே வரும்? வந்துச்சு. பச்சை.

ஆமாங்க. கலியாண வீட்ல உக்காந்து நீங்க எத்தனை தடவை பாத்திருந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும். நான் இல்லைங்கலையே.

அதுக்காக? நான் கேக்கறேன், அதுக்காக? அக்கினி வெயில்ல பண்ணையைப் போட்டுட்டு யாராவது நாத்தனா மக கலியாணத்துக்குன்னு தாராபுரம் போவாங்களா? காலையில போய் முகூர்த்தம் முடிஞ்சதும் திரும்பி வந்திருக்கணும். உக்காந்து பந்தி முடிச்சு, மொய் எழுதி, வெத்தலை போட்டுட்டு வந்தா? பண்ணையாளு தீவனம் ஏத்தப் போயிட்டானாம். போறதுக்கு முன்னாடி, கோழி தண்ணி குடிக்கற நிப்பிள் ஒண்ணை விரலால அமுக்கிப் பாத்திருந்தா தண்ணி வரலைன்னு தெரிஞ்சிருக்கும். ஒரு விரலுங்க! உங்க வீட்டுக்காரரு இருந்தப்ப ஷெட்டு வாசல்லயே கட்டிலைப் போட்டுப் படுத்தாரு. கோழி கத்தற சத்தத்துலயே கண்டுபிடிச்சிருவாரு. ஆம்பளை இல்லாத பண்ணைன்னா இப்படித்தான்.

பாத்து, பாத்து. முட்டை ஒடைஞ்சுருச்சு.

நோட்டீசா? ஆமா, நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருக்கோம். 'பண்ணைக்குப் போகாமலே பண்ணையைப் பாருங்கள்.' அது யாவாரத்துக்குப் போடறதுங்க. அதையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?

நான் இத்தனை கோவமாப் பேசறது உங்க பேர்ல இல்லை. தப்பா எடுத்துக்காதீங்க. என் கோவம் வேற ஒருத்தி மேல. மோனிஷான்னு ஒரு புள்ளை, ராசிபுரத்துக்காரி, படிச்சு முடிச்சு நேரா எங்க ஆபீசுக்கு வந்தவ. வந்தா வேலையைக் கத்துக்கணும். இவ வந்த மொத மாசமே என் ஃபைலைத் தொறந்து வெச்சுக்கிட்டு வரி வரியாப் படிக்கறா. யாரும் படிச்சதில்லைங்க அதை. எல்லாரும் எடுத்துப் போட்டுக்குவாங்க, அவ்வளவுதான். ஒருநாள் என் மேசைக்கு வந்து நிக்கறா. "அண்ணா, இந்தப் புடை சைபரையும் தள்ளிவிடுது. சைபர்ங்கறதும் ஒரு பதில்தானே? தண்ணி போகலைன்னா எப்படித் தெரியும்?"னு கேக்கறா. நாலு பேரு இருக்கறாங்க, அவங்க முன்னாடி!

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. "ஏம்மா, இந்த ஊர்ல சிக்னல் இல்லாத காலத்துல இதை எழுதினவன் நானு. ஒனக்கு முறத்தைப் பிடிக்கத் தெரியுமா? புடைக்கறதைப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டே. வந்தமா, சொன்ன வேலையைச் செஞ்சமான்னு இரு"ன்னு விட்டேன் பாருங்க. முகம் சுண்டிப்போச்சு. போனவ சும்மாப் போகலை. ஒரே ஒரு வரியை மாத்தி எழுதி எனக்கு அனுப்பிட்டா. "பாத்துட்டுச் சேத்துக்குங்கண்ணா"ன்னு. காலியான்னு தனியாக் கேக்கணுமாம், சைபரை உள்ள விடணுமாம். அதை நான் தொறந்துகூடப் பாக்கலை. மாத்தினா மறுபடி கட்டம் செவக்கும், மறுபடி ஃபோனு, மறுபடி உங்க மாதிரி ஆளுங்க வாயில நான் விழணும். எதுக்கு?

ஏனுங்க, கை நின்னுபோச்சு?

எப்பவா? அவ சொன்னது எப்பன்னா கேக்கறீங்க? மாசி மாசம்னு நெனைக்கறேன். ஆமா, மாசிதான், சிவராத்திரிக்கு லீவு கேட்டா, குடுக்கலை நானு. கலியாணம் வைகாசியில. அப்ப... ஆமாங்க. முன்னாடிதான்.

முன்னாடின்னா என்னங்க இப்ப? நூறு பேரு நூறு சொல்லுவாங்க. அன்னிக்குச் சொன்னவ ஆபீசுல சொன்னா. கோழி செத்ததுக்கு அப்புறமும் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? சொல்லலை. நேரா உங்க ஷெட்டுக்கு வந்து, மீட்டருக்குள்ள இருக்கற கணக்கை எடுத்துக்கிட்டுப் போய் லோகநாதன் சார் மேசையில வெச்சா. அவரு அதைப் பாக்கறாரு. பூராம் சைபர். "தாமு, இது உனக்குத் தெரியுமா?"ன்னு கேக்கறாரு. அவ ஓரமா நிக்கறா. ஒரு வார்த்தை பேசலை. நான் அப்பவே சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதையும் சொல்லலைங்க. அவ மாசியிலயே சொன்னது அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வருது. பெரிய மனுசி மாதிரி நிக்கறா.

சரி, தண்ணிக்கு மட்டும் மாத்திக் குடுத்துட்டேன். லோகநாதன் சார் சொன்னாரு, தண்ணிப் பக்கத்துல மட்டும் சைபரை உள்ள விட்டாச்சு. புடை எங்கெங்க இருக்கோ எல்லாத்தையும் பாக்கணும்னு அந்தப் புள்ளை சொல்லுச்சு. முடியாதுன்னுட்டேன். மத்த எடத்துல யாரும் கை வெக்கக் கூடாது. நல்லா ஓடிக்கிட்டிருக்கற வண்டியைக் கழட்டிப் போடுவாங்களா?

இப்பத் தெரிஞ்சுதுங்களா? காத்து அடைச்சது குழாயில. சைபருக்கு இல்லைன்னு பதில் சொல்றது ஜாவாஸ்கிரிப்ட்டு. தீவனத்துக்குப் போனது உங்க ஆளு. கலியாணத்துக்குப் போனது நீங்க. இதுல நான் எங்கீங்க வர்றேன்?

மறுபடியும் அதையே கேக்கறீங்க. தப்பு யாரு பேர்ல, யாரு பேர்லன்னு. இத்தனை நேரம் நான் என்ன கதையா சொன்னேன்? எனக்கு வருத்தம் இல்லைன்னு நெனைக்காதீங்க. அன்னிக்கு சாயங்காலம் நானும்தான் வந்தேன் இங்க. உங்காளுங்க கூண்டுக் கூண்டா எடுத்து வெளிய போட்டுக்கிட்டிருந்தாங்க. வாயைப் பொளந்துக்கிட்டு, ரெக்கையை விரிச்சுக்கிட்டு. நீங்க அந்தத் தொட்டி ஓரமா நின்னுக்கிட்டு ஃபோனைக் காட்டினீங்க. அப்பவும் பச்சை. நான் ரெண்டு நாள் சோறு திங்கலை. கோழி திங்கறதையே விட்டுட்டேன். அதை நான் சொல்லிக்கிட்டுத் திரியணுமா?

சரிங்க, நேரமாகுது. ஒரு சின்ன வேலை இருக்கு, அதை முடிச்சுட்டுக் கெளம்பிடறேன். ஆபீசுலருந்து உங்க ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். நாங்க யாராவது நேர்ல வந்தாலும் ஃபோன்ல பேசினாலும் எல்லாருக்கும் போறதுதான். 'எங்கள் ஊழியர் மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?'ன்னு கேக்கும். கீழ சைபர்லருந்து பத்து வரைக்கும் இருக்கும், ஒண்ணைத் தொட்டாப் போதும். பத்துப் போடுங்கன்னு நான் சொல்லலை. ஒரு ஏழு, எட்டு. நீங்க போடறதைப் பாத்துத்தான் லோகநாதன் சார் முடிவு பண்ணுவாரு. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. இந்த வயசுல ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு, மோனிஷா "அண்ணா, இன்னிக்கு எருமப்பட்டி, நாளைக்குச் சேந்தமங்கலம்"னு சொல்ல, நான் போய் மீட்டர் மாட்டறதா? செத்துருவேனுங்க. இத்தனை பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன், போடுங்க.

போட்டாச்சுங்களா? காட்டுங்க.

சைபர்.

ரொம்ப சந்தோசமுங்க. இத்தனை தூரம் வெயில்ல வந்து, எல்லாத்தையும் வெவரமாச் சொல்லி, கடைசியில சைபர். ஒரு ஒண்ணு போடக்கூட மனசு வரலை பாருங்க. நல்லா இருங்க. போட்டது போட்டதுதான், அவரு இப்பவே பாத்திருப்பாரு. இருங்க, நானும் என் ஃபோன்லயே பாத்துடறேன்.

இங்க வரலையே. 'அம்சவேணி பண்ணை, பதில் இல்லை'ன்னு கெடக்கு. அனுப்புங்கறதை அமுக்கினீங்களா? இன்னொருக்கா போடுங்க. அதே சைபரைப் போடுங்க, எனக்கென்ன. உங்க ஃபோன்ல என்ன வருது? 'நன்றி, உங்கள் பதில் கிடைத்தது.' அப்புறம் இங்க ஏன் இல்லைங்குது? சிக்னல் நல்லாத்தானே இருக்கு.

இருங்க.

சித்த இருங்க.

இந்த மார்க்குப் பக்கத்தை எழுதினது யாருன்னா? நான்தான் எழுதினேன். அப்பவே எழுதினது. பதில் போடாதவங்களையும் சேத்துக் கணக்குப் போட்டா சராசரி படுத்துரும்னு, வர்றதைப் பூராம் மொதல்ல ஒருக்கா புடையில போட்டு... 

மேல தெரியறது என் சராசரிங்க. ஒம்பது. எட்டுக்குக் கீழ எறங்கினதே இல்லை. வருசா வருசம் ஆயுத பூஜைக்குப் பொரியைக் குடுக்கறதுக்கு முன்னாடி லோகநாதன் சார் இதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுவாரு. நான் எந்திரிச்சு நின்னு கும்பிடுவேன். கை தட்டுவாங்க.

ஏனுங்க சிரிக்கறீங்க? வந்ததுலருந்து மூஞ்சியக் காட்டலை, இப்பச் சிரிக்கறீங்க.

என்ன கேட்டீங்க? 

எனக்கு முன்னாடி எத்தனை பேரு சைபர் போட்டிருப்பாங்கன்னா?

அதை எப்படிங்க நான் சொல்றது. அது எதுவும் இதுல இல்லீங்களே.